வாழைத்தோட்டத்து நூற்புழுவும் குழந்தை வயிற்றுப் புழுவும் ஒன்றா?

களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். பிப்ரவரியில் பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாளில் அவருடைய ஆறு வயது மகளுக்கு மலத்தோடு ஒரு சாண் நீளப் புழு ஒன்று வெளியே வந்தது. வீட்டில் எல்லோரும் குடிப்பது காய்ச்சிய தண்ணீர். மாமனாரின் ஏத்தன் வாழைத்தோட்டத்து மண்ணில் நூற்புழு இருப்பதாக வேளாண் அலுவலர் சொல்லியிருக்கிறார். குழந்தை விடுமுறை நாளெல்லாம் அங்கேதான் விளையாடுகிறாள். அந்தப் புழுதான் இவள் வயிற்றில் வளர்ந்துவிட்டதா, ஆச்சி சொல்வதுபோல் கருப்பட்டி மிட்டாய் தின்றதால் வந்ததா, இரண்டு வயதுத் தம்பிக்கும் ஒட்டிக்கொள்ளுமா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று நினைக்கிறேன்: இத்தனை சுத்தமாக இருந்தும் இது எந்த வழியாக உள்ளே வந்தது, மறுபடியும் வருமா?

நான் பாளையங்கோட்டையில் பல ஆண்டுகள் மருத்துவ மாணவர்களுக்கு ஒட்டுண்ணியியல் கற்பித்தவன். மல மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்த்து முட்டைகளை அடையாளம் காண்பது என் அன்றாட வேலையாக இருந்தது. ஆனால் நான் சிகிச்சை அளிக்கும் மருத்துவன் அல்லன். உங்கள் குழந்தையையும் வீட்டையும் தோட்டத்தையும் பார்த்ததில்லை. ஆகவே புழுவின் வாழ்க்கையைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். மருந்தின் அளவு, குழந்தையின் உடல்நிலை ஆகியவற்றை உங்கள் மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

சுருக்கமான பதில் முதலில். வாழை வேரைத் தின்னும் நூற்புழு மனித உடலில் வாழவே முடியாது. கருப்பட்டியிலிருந்து எந்தப் புழுவும் பிறப்பதில்லை. உங்கள் மகளிடமிருந்து தம்பிக்கு அந்தப் புழு நேரடியாகத் தாவாது. ஆனால் அவள் எந்த மண்ணிலிருந்து அதைப் பெற்றாளோ அந்த மண்ணிலேயே தம்பியும் தவழ்ந்தால் அவனுக்கும் வரும். வேளாண் அலுவலர் சொன்ன காரணம் வேறு என்றாலும், தோட்டத்து மண்ணின்மீது உங்களுக்கு வந்த சந்தேகம் தவறான இடத்தில் விழவில்லை.

வாழையின் நூற்புழுவும் குழந்தையின் புழுவும் ஒரே பெருந்தொகுதியைச் சேர்ந்தவை என்பது உண்மை. உருளைப்புழுக்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும் அந்தத் தொகுதியில், கண்ணுக்குத் தெரியாத அளவில் மண்ணில் பாக்டீரியாவைத் தின்று யாருக்கும் தீங்கில்லாமல் வாழும் இனங்கள் ஏராளம். வாழை வேரைக் குடையும் ராடோபோலஸ் சிமிலிஸ் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் வாயில் நடுவே துளையுள்ள ஒரு கூரிய ஊசி இருக்கிறது. அதை வேர்ச் செல்லுக்குள் செலுத்தி உள்ளிருப்பதை உறிஞ்சுகிறது. வேர் அரிக்கப்பட்டு அழுகிய பிறகு, ஆடிக்காற்றில் மரம் தாரோடு சாய்கிறது. உங்கள் மாமனாருக்கு அது பெரிய நஷ்டம். ஆனால் அந்த ஊசியும், அதன் செரிமானமும், அது வாழும் வெப்பநிலையும் எல்லாம் தாவரத்துக்கென்றே அமைந்தவை. ஒரு குழந்தை அப்படிப்பட்ட வேரைக் கடித்து விழுங்கினால்கூட அந்தப் புழு வயிற்றில் செரித்துப் போகும். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இந்தத் தொகுதி முழுவதற்கும் பொதுவான உடலமைப்பு ஒன்று உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் பின்னால் சொல்லப்போவது எளிதாகப் புரியும். வெளியே வளையக்கூடிய ஆனால் நீளாத கெட்டியான மேல்தோல்; உள்ளே அழுத்தத்தோடு நிற்கும் திரவம்; காற்றடைத்த சைக்கிள் ட்யூபைப்போல அந்த அழுத்தமே உடலை விறைப்பாக வைத்திருக்கிறது. தசைகள் நீளவாக்கில் மட்டுமே ஓடுகின்றன, குறுக்குவாட்டில் வளையத் தசை கிடையாது. அதனால் மண்புழுவைப்போலச் சுருங்கி நீள முடியாமல் வளைந்து வளைந்துதான் நகரும். வெளியே வந்த புழுவில் வளையக் கோடுகள் இல்லாமல் வழவழப்பாக, இரு முனையும் கூம்பி, வெளிர் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்திருந்தால் அது ஆஸ்காரிஸ் லும்பிரிகாய்டஸ் எனும் குடல் உருண்டைப்புழுதான். நீங்கள் எழுதிய நீளத்துக்கு வேறு இனம் பொருந்தாது. பெண் புழு 20 முதல் 35 செ.மீ. வரை வளரும், ஆண் சற்றுச் சிறியது, வால் முனை வயிற்றுப்புறமாகச் சுருண்டிருக்கும். உருளைப்புழுக்கள் அனைத்தும் வாழ்நாளில் நான்கு முறை தோலுரிக்கும். எந்தத் தோலுரிப்பு எந்த இடத்தில் நடக்கிறது என்பதில்தான் ஒவ்வோர் ஒட்டுண்ணியின் தனிக் கதையும் அடங்கியிருக்கிறது.

அருவருப்போடு பார்க்கப்படும் இந்தப் பிராணிகளுக்கு உயிரியல் பெரிதும் கடன்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கருவுறுதலில் தந்தையும் தாயும் சம எண்ணிக்கையில் குரோமோசோம்களைத் தருகிறார்கள் என்பதை 1883இல் எடுவார் வான் பெனடன் கண்டது குதிரையின் குடலில் வாழும் உருண்டைப்புழுவின் முட்டையில்தான். மண்ணில் சுதந்திரமாக வாழும் கேனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர்ப் புழுவின் வளர்ந்த உடலில் 959 செல்கள். ஒவ்வொன்றும் எந்தச் செல்லிலிருந்து பிறந்தது என்ற வம்சாவளி முழுமையாகத் தெரியும். அந்த ஆராய்ச்சிப் பாதையைத் தொடங்கிய சிட்னி பிரென்னருக்கும் உடன் உழைத்த இருவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. மாணவர்கள் முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வகுப்புக்கு வருவார்கள். இதையெல்லாம் சொன்ன பிறகு நுண்ணோக்கியை விட்டு எழ மாட்டார்கள்.

இனி உங்கள் மகளின் புழுவுக்கு வருவோம். முதிர்ந்த பெண் ஆஸ்காரிஸ் ஒரு நாளைக்குச் சுமார் 2,00,000 முட்டைகள் இடுகிறது. அவை மலத்தோடு வெளியேறுகின்றன. அப்படிப் புதிதாக வெளிவந்த முட்டையை யாராவது உடனே விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது. ஏனென்றால் அதற்குள் இன்னும் புழு உருவாகவில்லை. முட்டை மண்ணில் கிடக்க வேண்டும்; ஈரம், நிழல், மிதமான வெப்பம், காற்று நான்கும் வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களில் உள்ளே இளம்புழு உருவாகி, முட்டைக்குள்ளேயே தோலுரித்து, தொற்றும் நிலையை அடைகிறது. பழைய பாடநூல்கள் முட்டைக்குள் ஒரே ஒரு தோலுரிப்பு என்று எழுதின. இரண்டு என்பதே இப்போது ஏற்கப்படும் கருத்து.

அந்த முட்டையின் ஓடு வியப்புக்குரியது. அதன் உட்புறத்தில் ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது. பெரும்பாலான வேதிப்பொருள்களை அது உள்ளே விடாது. ஆய்வகத்தில் இந்த முட்டைகளை நீர்த்த ஃபார்மலினில் போட்டு வைத்து வளர்ப்பதே வழக்கம். மற்ற கிருமிகளெல்லாம் அதில் மடிய, இது மட்டும் நிதானமாகக் கரு வளர்க்கும். குடிநீருக்குப் போடும் குளோரின் அளவும் இதை ஒன்றும் செய்யாது. நிழலான ஈரமண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இதைக் கொல்பவை இரண்டு: 60 டிகிரிக்கு மேற்பட்ட சூடு, நேர்வெயிலில் முழுதாகக் காய்வது. வெளி உறை பிசுபிசுப்பானது. நகம், விரல், கீரையின் அடித்தண்டு, தரையில் விழுந்த பொம்மை என்று எதிலும் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் தண்ணீரைக் காய்ச்சியது நல்ல காரியம், அந்த ஒரு வழி அடைபட்டது. ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு முட்டை போகும் முக்கியமான வழி அவளுடைய விரல்கள்.

விழுங்கிய பிறகு நடப்பதுதான் இந்தப் புழுவின் வாழ்க்கையில் மிகவும் விசித்திரமான பகுதி. சிறுகுடலில் முட்டை பொரிகிறது. இளம்புழு அங்கேயே தங்காமல் குடல்சுவரைத் துளைத்து இரத்தக் குழாய்க்குள் நுழைகிறது, கல்லீரலுக்குப் போகிறது, அங்கிருந்து இதயத்தின் வலப்புறம் வழியாக நுரையீரலை அடைகிறது. அங்கே பத்துப் பதினான்கு நாள் வளர்ந்து, காற்றறைகளை உடைத்து மூச்சுக்குழலில் ஏறி, தொண்டைக்கு வருகிறது. குழந்தை இருமி எச்சிலை விழுங்கும்போது மறுபடியும் வயிற்றுக்குள் இறங்குகிறது. இந்தச் சுற்றுக்குப் பிறகுதான் சிறுகுடலில் நிலையாகக் குடியேறி முதிர்கிறது. 1916இல் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் எலிகளுக்கு முட்டைகளைக் கொடுத்து, கல்லீரலிலும் நுரையீரலிலும் இளம்புழுக்களைக் கண்டார். மனிதரிலும் இப்படித்தான் என்று நிறுவியவர் ஜப்பானிய மருத்துவர் ஷிமெசு கோய்னோ. 1922இல் அவர் 2,000 முட்டைகளைத் தாமே விழுங்கினார். கடும் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்தன. தம்முடைய சளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அதில் நெளிந்த இளம்புழுக்களை அடையாளம் கண்டார். அந்த மனிதரின் துணிவை நினைத்து நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சற்று நின்றிருக்கிறேன்.

புறப்பட்ட குடலுக்கே திரும்பி வருவதற்கு ஏன் இத்தனை சுற்று? இதற்கு உறுதியான பதில் இல்லை. இந்தப் புழுவின் முன்னோர்கள் தோலைத் துளைத்து உள்ளே வந்தவை, அந்தப் பழைய பாதையின் எச்சமே இது என்பது ஒரு கருத்து. திசுக்களின் வழியே போகும் இளம்புழு வேகமாகப் பெரிதாக வளர்கிறது, அந்த ஆதாயத்துக்காகவே பயணம் நிலைத்தது என்பது இன்னொன்று. இரண்டாவதன் பக்கமே நான் சாய்கிறேன். ஆனாலும் அதை முடிந்த விஷயமாகச் சொல்ல மாட்டேன்.

விழுங்கியதிலிருந்து பெண் புழு முட்டையிடத் தொடங்குவதற்கு இரண்டு முதல் மூன்று மாதம் ஆகும். முதிர்ந்த புழு ஓரிரு ஆண்டு வாழும். இந்த இரண்டு கணக்கையும் வைத்து உங்கள் மகளின் விஷயத்தைப் பின்னோக்கிப் பாருங்கள். பிப்ரவரியில் ஒரு சாண் நீளத்தில் வந்த புழு, கடந்த நவம்பருக்குப் பிறகு விழுங்கப்பட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டு ஆண்டுக்கு முன்பு விழுங்கப்பட்டதாகவும் பெரும்பாலும் இருக்காது. இடையில் பல மாதங்கள் இருக்கின்றன. ஐப்பசி மழைக்காலமா, அதற்கு முந்தைய கோடை விடுமுறையா, தோட்டமா, பள்ளியின் விளையாட்டுத் திடலா, வீட்டு வளவா என்று யாராலும் சுட்டிக் காட்ட முடியாது. நேற்று என்ன தின்றாள், போன வாரம் எங்கே போனாள் என்று குழந்தையைக் குடைந்து கேட்பதில் பயன் இல்லை என்பது மட்டும் உறுதி.

நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. ஆஸ்காரிஸ் மனித உடலுக்குள் பெருகுவதில்லை. வயிற்றில் அது இடும் லட்சக்கணக்கான முட்டைகளில் ஒன்றுகூட அங்கேயே பொரிந்து அடுத்த தலைமுறையாவது கிடையாது. மண்ணுக்கு வந்து வாரக்கணக்கில் கிடந்தே தீர வேண்டும். ஆகவே ஒரு குழந்தையின் வயிற்றில் ஐந்து புழு இருந்தால், குறைந்தது ஐந்து முட்டைகள் வெளியிலிருந்து தனித்தனியாக உள்ளே போயிருக்கின்றன. வயிற்றுப் புழுவின் எண்ணிக்கை, அந்தக் குழந்தை தொட்ட மண்ணைப் பற்றிய தகவல். அந்த மண்ணில் யாரோ ஒருவருடைய மலம் கலந்திருக்கிறது. இந்தப் புழுவை மறிப்பதற்கு அதன் முழு வாழ்க்கைச் சுழற்சியிலும் வாய்ப்பான இடம் அந்த மண்தான்.

திருநெல்வேலிச் சீமையில் எல்லா மண்ணும் இதற்கு ஒன்றல்ல. ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் கோடைச் சூட்டில் முட்டை தங்குவது கடினம். மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலும் கோடையில் வெடித்துக் காய்ந்துவிடும். மலையடிவாரத்து வாழைத்தோட்டமும், தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் காரும் பிசானமுமாக நெல் விளையும் ஊர்களின் வரப்போரமும் அப்படியல்ல. வாழை இலையின் நிழலில் மண் நேர்வெயிலைப் பார்ப்பதே அரிது, பாசன ஈரம் ஆண்டு முழுவதும் இருக்கிறது. முட்டைக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் நிழலும் ஈரமும் முட்டையை உண்டாக்குவதில்லை, வைத்துக் காப்பாற்றுகின்றன, அவ்வளவுதான். முட்டை அங்கே வர ஒன்று தோட்டத்தின் ஓரத்தில் யாராவது மலம் கழித்திருக்க வேண்டும். அல்லது செப்டிக் டேங்க் உறிஞ்சும் லாரி தன் சுமையை வாய்க்காலிலோ தோட்டத்திலோ இறக்கியிருக்க வேண்டும். இந்த இரண்டாவது வழக்கத்தைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. கழிப்பறை கட்டிய வீட்டின் மலம் ஒரு லாரியில் ஏறி, கழிப்பறை இல்லாதவர் செய்வதையே மொத்தமாகச் செய்கிறது. தொட்டிக் கழிவில் மற்ற கிருமிகள் செத்தாலும் ஆஸ்காரிஸ் முட்டை பிழைத்திருக்கும். மாட்டுச்சாணம், ஆட்டுப்புழுக்கை ஆகியவற்றிலிருந்து இந்தப் புழு வராது, அதற்குப் பயப்பட வேண்டாம். பன்றி ஒரு விதிவிலக்கு. பன்றியின் ஆஸ்காரிஸ் மனிதரின் புழுவுக்கு மிக நெருங்கியது, மனிதருக்கும் தொற்றும். இரண்டும் தனித்தனி இனமா ஒரே இனமா என்பதே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. தோட்டத்துக்குள் பன்றி வந்துபோகும் ஊராக இருந்தால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இதோடு உறவுள்ள இன்னொரு புழுவைப் பற்றி உங்கள் வீட்டில் பேச வேண்டும், ஏனென்றால் தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர்களுக்கு அதுவே அதிகக் கேடு செய்யும். கொக்கிப்புழு வாய் வழியாக வரக் காத்திருப்பதில்லை. மலத்திலிருந்த முட்டை ஓரிரு நாளில் மண்ணிலேயே பொரிந்து, ஐந்து முதல் பத்து நாளில் தோலைத் துளைக்கும் நிலைக்கு வருகிறது; வெறுங்காலின் விரலிடுக்கு வழியாக உள்ளே நுழைகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியின் கையில் இளம்புழுக்கள் இருந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. அந்த இடத்தில் எரிச்சலும் சிவப்பும் எழுந்தன. சில வாரங்களுக்குப் பின் தம் மலத்தில் கொக்கிப்புழு முட்டைகளைக் கண்டபோது வழி எது என்று அவருக்குப் புரிந்தது. தென்னிந்தியாவில் அதிகமாகக் காணப்படும் நெகாட்டர் அமெரிக்கானஸ் இனத்தின் ஒரு புழு ஒரு நாளைக்குச் சுமார் 0.03 மி.லி. இரத்தத்தை வீணாக்குகிறது. நூறு புழு இருந்தால் நாளொன்றுக்கு 3 மி.லி.; மாதத்தில் ஏறக்குறைய 90 மி.லி. ஏற்கெனவே இரும்புச்சத்து குறைந்த ஒரு பெண்ணுக்கு, அதிலும் கர்ப்பிணிக்கு, இது தாங்க முடியாத இழப்பு. களையெடுக்கும் பெண்கள் சோர்வு, மூச்சுவாங்கல் என்று சொன்னால் வெயில்தான் காரணம் என்று விட்டுவிடாமல் ஹீமோகுளோபினையும் மலத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

தம்பியைப் பற்றிய கேள்விக்கு மேலே பதில் சொன்னேன், ஒரு சேர்க்கை மட்டும். இரவில் ஆசனவாயில் அரிப்பு, அங்கே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் வெள்ளை நூல்போன்ற புழு என்றால் அது வேறு கதை. நம் பக்கத்தில் கீரிப்பூச்சி என்று சொல்லும் அந்தப் புழுவின் முட்டைக்கு மண் தேவையில்லை. சில மணி நேரத்திலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். நகத்திலிருந்தும் படுக்கைத் துணியிலிருந்தும் வீடு முழுக்கப் பரவும். அதற்கு வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மாத்திரை எடுத்து, இரண்டு வாரம் கழித்து மீண்டும் எடுக்க வேண்டும் என்பது வழக்கமான மருத்துவ முறை. நீங்கள் பார்த்தது அதுவல்ல. வீட்டு நாய்க்குட்டியின் உருண்டைப்புழுவும் ஆஸ்காரிஸ் அல்ல. ஆனால் அதன் முட்டையைக் குழந்தை விழுங்கினால் இளம்புழு குடலில் முதிர முடியாமல் கல்லீரலிலும் சில சமயம் கண்ணிலும் அலையும். குட்டிகள் பெரும்பாலும் தாயின் வயிற்றிலேயே தொற்றோடு பிறக்கின்றன. ஆகவே குட்டி வளர்த்தால் கால்நடை மருத்துவரிடம் குடற்புழு நீக்கம் செய்துவிடுங்கள். மாமனார் கன்னி இன ஆடுகள் வைத்திருந்தால், தாடைக்கடியில் நீர்கோத்து இளைக்கும் ஆட்டில் இருக்கும் ஹீமாங்கஸ் இரத்தப்புழு ஆட்டோடு சரி.

மாத்திரை என்ன செய்கிறது? அதிலுள்ள அல்பெண்டசோல் என்ற மருந்து புழுவின் செல்லுக்குள் நுண்குழல்கள் உருவாவதைத் தடுக்கிறது. அதனால் புழுவால் குளுக்கோஸை உறிஞ்ச முடியாமல் பட்டினியால் செத்துப்போகிறது. அது நடக்க நாள்கள் பிடிக்கும். உங்கள் மகளுக்கு இரண்டாம் நாளில் புழு வந்தது மருந்து வேலை செய்ததன் அடையாளம். மாத்திரையால் புழு உண்டாகவில்லை. ஒரே ஒரு 400 மி.கி. மாத்திரை ஆஸ்காரிஸ் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் குணப்படுத்துகிறது. கொக்கிப்புழுவில் அதைவிடக் குறைவு. இன்னொரு குடற்புழுவான சாட்டைப்புழுவில் மிகக் குறைவு. குடலிலுள்ள முதிர்ந்த புழுவைத்தான் அது நம்பகமாகக் கொல்லும். நுரையீரலில் பயணத்தில் இருக்கும் இளம்புழுவை அந்த ஒற்றை மாத்திரை நம்பகமாக எட்டாது. மண்ணில் கிடக்கும் முட்டையை எந்த மாத்திரையும் தொடாது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி, சிகிச்சைக்குப் பின் 12 மாதத்தில் ஆஸ்காரிஸ் பரவல் பழைய அளவின் 94 சதவீதத்துக்குத் திரும்பிவிடுகிறது. தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015இல் தொடங்கப்பட்டது; இன்று பிப்ரவரியிலும் ஆகஸ்டிலுமாக ஆண்டுக்கு இருமுறை மாத்திரை கொடுப்பதன் காரணம் இதுதான்.

இந்தப் பொது மாத்திரைத் திட்டத்தால் பிள்ளைகள் உயரமாகவும் படிப்பில் கெட்டியாகவும் ஆகிறார்களா என்பதில் அறிஞர்களிடையே பெரும் விவாதம் உண்டு. கென்யாவில் நடந்த ஓர் ஆய்வு, பள்ளி வருகை கூடியதாகச் சொன்னது. உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளை வைத்து நடந்து 2013இல் வெளியான ஆய்வில் குழந்தை இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் சராசரிப் பயன் சிறிது என்றே சொல்கிறார்கள். என் கருத்து: புழு இல்லாத பல குழந்தைகளையும் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது, நிறையப் புழு சுமக்கும் சில குழந்தைகள் கணக்கில் மறைந்துபோகிறார்கள். எந்த ஊரிலும் புழுக்களில் பெரும்பங்கு ஒரு சிலரின் வயிற்றில்தான் இருக்கும் என்பது திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை. அந்தச் சிலருக்கு மாத்திரை மிக முக்கியம்.

ஆச்சியின் கருப்பட்டிக்கு வருகிறேன். இனிப்பால் புழு வராது. ஆனால் மண் கையோடு எடுத்துத் தின்ற கருப்பட்டித் துண்டால் வரும், அப்படிப் பார்த்திருப்பவர் அவர் என்றால் அவர் கண்டதில் பிழையில்லை. தூக்கத்தில் பல் கடிப்பதற்கும் முகத்துத் தேமலுக்கும் புழுவே காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, புழு இல்லாத குழந்தைகளுக்கும் இரண்டும் வருகின்றன. பப்பாளி விதையில் பயன் இருப்பதாக நைஜீரியாவில் அறுபது குழந்தைகளிடம் செய்த ஒரு சிறிய ஆய்வு சொன்னது. அதை வைத்து மாத்திரையைக் கைவிடச் சொல்ல மாட்டேன். வேப்பங்கொழுந்து உருண்டை, குப்பைமேனிச் சாறு ஆகியவற்றைச் சிறு குழந்தைக்கு அளவு தெரியாமல் புகட்டுவதை நான் விரும்பவில்லை. வேப்பெண்ணெய் கொடுக்கவே கூடாது, சிறு பிள்ளைகளுக்கு அது நஞ்சாகியிருக்கிறது.

மண்ணில் மறிப்பது நடக்கக்கூடிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். தென்கொரியாவில் 1971இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் மக்களில் 54.9 சதவீதம் பேருக்கு ஆஸ்காரிஸ் இருந்தது. 1992இல் அது 0.3 சதவீதம். பள்ளிப் பிள்ளைகளின் மலத்தை ஆண்டுக்கு இருமுறை பரிசோதித்து மருந்து கொடுத்தார்கள். அதே காலத்தில் மனித மலத்தை வயலுக்கு உரமாக இடும் வழக்கம் நின்றது. மாத்திரையும் மண்ணும் சேர்ந்தபோது வேலை முடிந்தது. நம் நாட்டிலேயே இன்னோர் உருளைப்புழுவான நரம்புச்சிலந்தி, தடுப்பூசியோ மருந்தோ இல்லாமல் ஒழிந்தது. படிக்கிணற்று நீரில் இறங்குவதை நிறுத்தியும், குடிநீரைத் துணியில் வடிகட்டியும் அதன் சுழற்சியை அறுத்தார்கள். 2000ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றளித்தது.

உங்கள் அளவில் செய்யக்கூடியது இது. தோட்டத்தில் வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு கழிப்பறை வையுங்கள். மாமனார் ஒரு தார் விலையில் தொடங்கக்கூடிய வேலை அல்ல என்றாலும், நூற்புழுவுக்குச் செலவழிப்பதோடு சேர்த்துப் பார்த்தால் பெரிதில்லை. தொட்டிக் கழிவு லாரியைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள். இரட்டைக்குழிக் கழிப்பறையாக இருந்தால் நிரம்பிய குழியை மூடி ஓராண்டுக்கு மேல் விட்ட பிறகே அள்ளுங்கள். குழந்தைகளின் நகத்தை வாரந்தோறும் வெட்டுங்கள், தோட்டத்திலிருந்து வந்ததும் சோப்பால் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஒட்டும் தன்மையுள்ளதால் வெறும் தண்ணீரில் அலசினால் போகாது. பச்சையாகத் தின்னும் கேரட், வெள்ளரி, கொத்தமல்லியை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். தம்பிக்கு அங்கன்வாடியில் மாத்திரை கொடுக்கும்போது முழுதாக விழுங்கவைக்காமல் நன்றாகப் பொடித்துத் தண்ணீரில் கொடுக்கச் சொல்லுங்கள். முழு மாத்திரை சின்னக் குழந்தையின் தொண்டையில் அடைக்கக்கூடும்.

மகளுக்கு வயிறு உப்பி, விடாமல் வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நிறையப் புழுக்கள் பின்னிக்கொண்டு குடலை அடைப்பது அரிது, ஆனால் ஆபத்தானது. வலது விலாவுக்குக் கீழே கடும் வலி, மஞ்சள் காமாலை என்றாலும் அப்படியே. புழு பித்தநாளத்துக்குள் ஏறியிருக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால் பதற வேண்டாம். மாத்திரை கொடுத்து மூன்று வாரம் கழித்து ஒருமுறை மலப் பரிசோதனை செய்யுங்கள். அதில் முட்டை இருந்தால் உள்ளே புழு பிழைத்திருக்கிறது, மருத்துவரிடம் இன்னொரு முறை மருந்து கேட்க வேண்டும். அப்போது இல்லாமல், மூன்று நான்கு மாதம் கழித்துச் செய்யும் பரிசோதனையில் முட்டை தென்பட்டால் அது பெரும்பாலும் புதிதாக வந்தது. பயணத்தில் இருந்து மருந்துக்குத் தப்பிய ஒன்றிரண்டாகவும் இருக்கலாம் என்பதால், அதற்கடுத்த முறையும் அப்படியே தென்பட்டால் தோட்டத்தின் எந்த ஓரத்தில் மலம் சேர்கிறது என்று மாமனாரோடு நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.